இடுப்புல கட்டுற வெடி

ஆமத்தூர்ல கண்ணுச்சாமி தோட்டத்துல ஒரு மோட்டார் இருந்துச்சு. தண்ணி இறைக்கத்தான் வாங்குனது. ஆனா வந்த நாள்லேருந்து அது ஒரு சொட்டுத் தண்ணி இறைச்சதில்ல. ஏன்னா கரண்டு இல்ல. கரண்டுக்குக் கம்பம் வந்துருச்சு. கிணத்துக்குப் பக்கத்துலயே வாட்டசாட்டமா நட்டுட்டுப் போயிட்டாக. கம்பிதான் வரலை. ஆபீசுல போயிக் கேட்டதுக்கு, "கம்பம் நடுறது ஒரு பிரிவு, கம்பி இழுக்கிறது வேற பிரிவு. கம்பப் பிரிவு தன் கடமையைச் செஞ்சு முடிச்சிருச்சே, அதுக்கு ஒரு நன்றி சொன்னீரா?"ன்னு கேட்டாக. கண்ணுச்சாமி நன்றி சொல்லிட்டு வந்துட்டாரு.

கம்ப உச்சியில காக்கா கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருச்சு. மோட்டாருக்கு வருசா வருசம் சரசுவதி பூசையன்னைக்கு அவரு பொஞ்சாதி வீரலட்சுமி சந்தனம், குங்குமம் வச்சு சூடம் காட்டுவா. "இதுவும் சாமி மாதிரியேதான் இருக்கு. எம்புட்டுக் கும்பிட்டாலும் அசைய மாட்டேங்கு"ம்பா.

கிணத்துத் தண்ணிக்குக் கமலை இழுக்கிற மாடு ரெண்டும் கெழடு தட்டிருச்சு. மொளகாச் செடி தலையைத் தொங்கப் போட்டு நிக்கு. இந்தக் கோடைக்குள்ள கரண்டு வரலைன்னா தோட்டம்ங்கிற பேரே போயி வெறும் கரிசக்காடு ஆயிரும். அதனால கண்ணுச்சாமிக்குக் கனவுல கூடக் கம்பிதான் வந்துச்சு.

இப்படி இருக்கையிலதான் ஒரு நா வட்டார அதிகாரி ஜீப்புல வந்து எறங்குனாரு. அவருக்கு அப்பன் ஆத்தா வச்ச பேரு ஊர்க்காவலன். பதவி கெடைச்சதும் ஊரைக் கழட்டி விட்டுட்டு வெறும் காவலன்னு கையெழுத்துப் போட்டாரு. உடம்புல நைலான் சட்டை. அப்பல்லாம் நைலான்தான் நாகரிகம். உச்சி வெயில்ல நைலான் சட்டையைப் போட்டுக்கிட்டு, உள்ள அவிச்ச பனங்கெழங்கு மாதிரி வெந்துக்கிட்டு, வெளியே சிரிச்சுக்கிட்டு நிக்கணும். காவலன் நல்லாவே நிப்பாரு.

"யோவ் கண்ணுச்சாமி, உம்ம தோட்டத்தை அரசாங்கம் தேர்ந்தெடுத்திருக்குய்யா!"

"கம்பி இழுக்கவாய்யா?"

"கம்பி கெடக்கட்டும்யா. டென்மார்க்கு தேசத்துலேருந்து ஆன்சன்னு ஒரு துரை சுத்திப் பாக்க வாராரு. அவருக்குத் தேயிலைத் தோட்டம் காட்டணும்."

"ஐயா, இது மொளகாத் தோட்டம்ல."

"தோட்டம்தானே?"

"தோட்டம்தான்."

"அப்பப் பாதி வேலை முடிஞ்சுது. இனி தேயிலைதான் பாக்கி."

நடந்தது என்னன்னா, துரை மலைக்குப் போயித் தேயிலைத் தோட்டம் பாக்குறதாத்தான் ஏற்பாடு. மழையில மலை ரோடு சரிஞ்சு போச்சு. பயணத் திட்டத்தை மாத்துறதுக்கு மேலாபீசுல யாருக்கும் அதிகாரம் இல்ல. ஆகையினால, "சாலை நல்ல நிலையில் உள்ள ஏதேனும் ஓர் இடத்தில் மேற்படி தோட்டத்தைக் காண்பிக்கவும்"னு உத்தரவு. விருதுநகர்ப் பக்கம் ரோடு நல்லா இருந்துச்சு. அது ஒண்ணுதான் நம்ம பக்கத்து ஆளுக செஞ்ச தப்பு.

"தேயிலை இங்கன மொளைக்காதுன்னு எழுதிப் போட்டா என்னய்யா?"ன்னு கேட்டாரு கண்ணுச்சாமி.

காவலன் அவரைப் பச்சப்புள்ளையைப் பாக்குற மாதிரி பாத்தாரு. "இல்லைன்னு எழுதுனா ஏன் இல்லைம்பான். விளக்கம் கேப்பான். இருக்குன்னு எழுதுனா ஒரு பய ஒண்ணும் கேக்க மாட்டான். நிருவாகம்னா உமக்கு என்னன்னு தெரியுமாய்யா? இங்க பாரும். துரை சந்தோசமாப் போயி ரயில் ஏறிட்டாருன்னா, மறுநாளே உமக்குக் கம்பி. நான் ஆச்சு. துரை மனசு கோணுச்சு, அந்தக் கம்பத்தையும் புடுங்கிட்டுப் போயிருவேன்."

கண்ணுச்சாமி கம்பத்தைப் பாத்தாரு, காக்காயைப் பாத்தாரு. "சரிங்கய்யா"ன்னுட்டாரு.

மறுநா காலையில ரோட்டு டீக்கடை பாய்லரைத் தூக்கியாந்து மோட்டார் ரூமுல வச்சாக. தோட்டம் இருக்கு, டீ இருக்கு. ஆகவே டீத் தோட்டம். அப்பவும் காவலனுக்கு மனசு ஆறலை. பொட்டலத்தைப் பிரிச்சு மொளகாச் செடி மேலயெல்லாம் டீத்தூளைத் தூவச் சொன்னாரு.

"பூச்சி மருந்தாய்யா?"ன்னா வீரலட்சுமி.

"இல்லம்மா. இதுக்குப் பேரு பயிர் மாற்றம்."

துரை வந்தாரு. நம்ம கரண்டுக் கம்பம் ஒசரம். மொகமெல்லாம் தக்காளிச் செவப்பு. கழுத்துல ஒரு போட்டோப் பொட்டி. பாக்குறவுகளையெல்லாம் கும்பிட்டாரு, மாட்டையும் கும்பிட்டாரு. நல்ல மனுசன். செடியில பழுத்துத் தொங்குன மொளகாயைக் காட்டி, "டீ?"ன்னாரு.

"எஸ் எஸ். ரெட் டீ. வெரி வெரி"ன்னாரு காவலன். அவரு இங்கிலீசு எப்பவும் வெரி வெரியில நின்னுரும். அதுக்கு மேல கேக்குறவுக பொறுப்பு.

துரை ஒரு பழத்தைப் பறிச்சு, வாயில போட்டு, நிதானமாக் கடிச்சாரு.

அப்புறம் அவரு நிதானமா இல்ல. வாயைப் பொளந்துக்கிட்டு வாய்க்காலுக்கு ஓடுனாரு. வாய்க்கால்ல தண்ணி இல்ல. மோட்டார் ரூமுக்குள்ள ஓடி, மோட்டாரைக் கட்டிப் புடிச்சு, பைப்பு வாயில வாயை வச்சு உறிஞ்சுனாரு. காத்துதான் வந்துச்சு.

கண்ணுச்சாமி மெள்ள, "ஐயா, கரண்டு இருந்தா இன்னேரம் துரைக்குத் தண்ணி..."ன்னு இழுத்தாரு.

"சும்மா இரும்யா. பாத்தீரா, மோட்டாரை எப்படிக் கட்டிப் புடிக்காருன்னு? நம்ம மின்மயத் திட்டத்து மேல அம்புட்டுப் பாசம்!"

வீரலட்சுமிதான் ஒரு செம்பு மோரைக் கொண்டாந்து துரை வாயில ஊத்துனா. கண்ணைத் தொடச்சுக்கிட்டு துரை ரொம்ப மரியாதையாச் சொன்னாரு: "வெரி ஸ்ட்ராங் டீ."

தோட்டக் கட்டம் வெற்றிகரமா முடிஞ்சுது. அடுத்தது துணி வாங்குற கட்டம். இங்கதான் வில்லங்கம்.

துரைக்கு நம்ம நாட்டுப் பாரம்பரிய உடுப்பு ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போகணும்னு ஆசை. மெட்ராஸுல யாரோ வேட்டிங்கிற வார்த்தையைச் சொல்லிக் குடுத்திருக்காக. அது இங்கிலீசு எழுத்துல ஏறி, தந்தியில தாவி, மேலாபீசு வழியா வந்து சேருறதுக்குள்ள, கொம்புல ஒரு சுழியும் நடுவுல நின்ன 'ட்'டும் உதிர்ந்து போச்சு. காவலன் கையில வந்த உத்தரவு, "விருந்தினர் விரும்பும் வெடி வாங்கிக் கொடுக்கவும்." துரை வாயில வந்ததும் அதேதான். "வெடி! வெடி!"ன்னு இடுப்பைத் தட்டிக்கிட்டே ஜீப்புல ஏறுனாரு.

வெடி எங்க கெடைக்கும்? ஜீப்பு சிவகாசிக்குப் பறந்துச்சு. கண்ணுச்சாமியையும் ஏத்திக்கிட்டாரு காவலன். "கூட இரும். துரை மொகம் வாடாமப் பாத்துக்கிடும். உம்ம கம்பி அந்த மொகத்துலதான் தொங்குது."

போற வழியில துரை கண்ணுச்சாமி கட்டியிருந்த வேட்டியோட கரையைத் தொட்டுப் பாத்துத் தொட்டுப் பாத்து, "வெடி, வெடி"ங்காரு. கண்ணுச்சாமிக்குச் சுருக்குன்னு பட்டுச்சு.

"ஐயா... துரை வேட்டி கேக்காரோ?"

காவலன் திரும்புனாரு. "வேட்டியா? வேட்டியை நாமளே கழட்டி வீசிட்டு நைலானுக்கு வரிசையில நிக்கோம். டென்மார்க்குலேருந்து வந்தவரு வேட்டி கேப்பாராய்யா? அதுவும் சிவகாசிக்கு வந்து?"

"இல்ல, தொட்டுத் தொட்டு..."

"உத்தரவுல வெடின்னு இருக்கு. உத்தரவு தப்புங்கீரா?"

கண்ணுச்சாமி வாயைத் தொறந்தாரு.

"உத்தரவு தப்புன்னு சொல்லுற ஆளுக்குக் கரண்டு குடுக்கச் சொல்லி நான் எப்படிய்யா எழுத?"

கண்ணுச்சாமி வாயை மூடிட்டாரு. அதுக்கப்புறம் ரோட்டோரக் கம்பங்களை எண்ணாமப் பாத்துக்கிட்டே வந்தாரு. எல்லாத்துலயும் கம்பி இருந்துச்சு.

காசிராஜன் அண்ணாச்சி வெடிக் கம்பெனி நாரணாபுரம் போற ரோட்டுல இருந்துச்சு. அண்ணாச்சி வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, கலரு சோடா சாப்பிடுறீகளா?"ன்னு கும்பிட்டுட்டு, காவலன் சட்டையைப் பாத்ததும் ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சாரு. "ஐயா மட்டும் வெளியவே இருங்க. இந்தச் சட்டை உரசுனாப் பொறி பறக்கும். உள்ள மருந்து கெடக்கு."

"நான் அதிகாரிய்யா."

"மருந்துக்கு அது தெரியாதுய்யா."

அதனால கம்பெனிக்கு எதுத்தாப்புல பொட்டல்ல, வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு வியாபாரம் நடந்துச்சு.

"துரைக்கு என்ன மாதிரி வெடி வேணும்?"ன்னாரு அண்ணாச்சி.

துரை ரெண்டு கையையும் அகட்டி, "லாங்"ன்னாரு.

"நீளமா வேணுமாம்"ன்னாரு காவலன்.

"அப்பச் சரவெடி. ஏலே, பெரிய சரத்தை எடுத்தாங்கலே! எதுக்காம்? கலியாணத்துக்கா, தேர்தலுக்கா?"

துரை எந்திரிச்சு இடுப்பை ஒரு சுத்து சுத்திக் காட்டுனாரு. முடிச்சுப் போடுற மாதிரி காட்டுனாரு. அப்புறம் நெஞ்சை நிமித்தி ரெண்டு எட்டு நடந்து காட்டுனாரு.

அண்ணாச்சிக்கு வேர்த்துருச்சு. "இடுப்புல... கட்டிக்கிடவா?"

"விருந்தினர் விருப்பம்"ன்னாரு காவலன். அவருக்கும் வேர்த்துச்சு, ஆனா அவருக்கு அது வழக்கம்.

"வித் பார்டர்"ன்னாரு துரை.

காவலன் நிமிந்து உக்காந்துட்டாரு. அப்பதான் எல்லையில சண்டை நடந்து ஓஞ்சிருந்த சமயம். அண்ணாச்சி காதுல குனிஞ்சு, "பார்டர்ல வெடிக்கணுமாம். ராணுவ விசயம். வெளிய மூச்சு விடாதீரும்"ன்னாரு.

அண்ணாச்சி சரத்தைப் பிரிச்சுக் காட்டுனாரு. துரை தடவிப் பாத்துட்டு, "வாஷ்?"ன்னாரு.

"தொவைக்கலாமான்னு கேக்காரு."

"தொவைக்கவா! நனைஞ்சாலே போச்சுய்யா!"

துரை கொஞ்சம் யோசிச்சு, "அயர்ன்?"ன்னாரு.

"இஸ்திரி போடலாமாம்."

"கரி நெருப்பு அள்ளிப் போட்ட பொட்டிய... வெடி மேலயா?" அண்ணாச்சி மரத்தைப் புடிச்சுக்கிட்டாரு. "ஐயா, நான் புள்ளகுட்டிக்காரன். துரையைக் கோவில்பட்டிப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. அங்கன தீப்பொட்டி நல்லாருக்கும்."

கண்ணுச்சாமிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. 'வேட்டி'ன்னு ஒரே ஒரு வார்த்தை. பஜாருக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு எட்டு மொழம் எடுத்துக் குடுத்தா வேலை முடிஞ்சுது. ஆனா சொன்னா உத்தரவு தப்பாப் போகும். உத்தரவு தப்பானா கம்பி போகும். கம்பி போனா மொளகாச் செடி போகும். நாக்கை மடிச்சுப் பல்லுக்குள்ள வச்சுக்கிட்டாரு.

அந்த நேரம் பாத்து, யாருக்கும் தன் பேச்சு வெளங்கலைன்னு துரை கண்ணுச்சாமியை இழுத்து நடுவுல நிறுத்துனாரு. அவரு இடுப்பு வேட்டியைக் காட்டி, "லைக் திஸ்! வெடி! ஹியர்!"ன்னாரு.

காவலன் மொகத்துல ஒரு தெளிவு வந்துச்சு. "இப்பப் புரியுது. மொதல்ல ஒரு உள்ளூர் ஆளு கட்டிக் காட்டணுமாம். கண்ணுச்சாமி, வாரும்யா."

"ஐயா!"

"பயப்படாதீரும். நான் இருக்கேன்." சொல்லிக்கிட்டே நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உக்காந்துக்கிட்டாரு.

"என் வீட்டுக்காரிக்கு என்னய்யா பதில் சொல்வீக?"

"கரண்டு வந்துருச்சுன்னு சொல்வேன்."

கண்ணுச்சாமி கண்ணை மூடுனாரு. மோட்டார் ஓடுற சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. அண்ணாச்சி கும்புடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கிட்டே, செவப்புச் சரத்தை வேட்டிக்கு மேல ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டாரு. "மூச்சை மெதுவா விடுங்க. சிரிக்காதீக"ன்னாரு.

"சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன்?"

துரை அப்படியே சொக்கிப் போயிட்டாரு. செவப்புக் காயிதம் வெயில்ல பளபளங்கு. முன்னால தொங்குற திரி குஞ்சம் மாதிரி ஆடுது. இம்புட்டு அழகான உடுப்பை அவரு உலகம் பூராச் சுத்தியும் பாத்ததில்ல. "ட்ரெடிஷனல்?"ன்னாரு.

"எஸ் எஸ். வெரி வெரி"ன்னாரு காவலன்.

துரை போட்டோ எடுத்தாரு. தனக்கும் ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டாரு. எடுத்து முடிச்சதும் சந்தோசம் தாங்காம, கண்ணுச்சாமிக்கு ஏதாச்சும் மரியாதை செய்யணும்னு, பையில கையை விட்டு ஒரு சுருட்டை எடுத்து நீட்டுனாரு. இன்னொரு கையால தீப்பொட்டியை எடுத்தாரு.

மொதல்ல ஓடுனது காவலன். அதிகாரி எதுலயும் முன்மாதிரியா இருக்கணும்ல. அண்ணாச்சி ரெண்டாவது. கண்ணுச்சாமி ரோட்டைத் தாண்டி, முள்ளைத் தாண்டி, ஊருணிக் கரையில ஏறி, சரத்தோட தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள குதிச்சாரு. துரைக்கு இது நம்மூரு வழக்கம்னு பட்டுச்சு. தீப்பொட்டியைப் பையில போட்டுட்டு, தானும் ஓடியாந்து, கும்பிட்டுக்கிட்டே கூடவே குதிச்சாரு.

சாயங்காலம் துரை ரயில் ஏறுனாரு. சொட்டச் சொட்ட நனைஞ்சு, மொகம் பூராச் சிரிப்பு. வாடவே இல்ல.

வீட்டுக்கு வந்த கண்ணுச்சாமியைப் பாத்து, "என்னங்க, வேட்டியெல்லாம் செவப்பா இருக்கு?"ன்னா வீரலட்சுமி.

"கரண்டு வரப்போகுதுடி."

"அது வேட்டி வழியாவா வருது?"

மறுநா கம்பி வரலை. அதுக்கு அடுத்த நாளும் வரலை. காவலன், "மேலே போயிருக்கு"ன்னாரு. எதைக் கேட்டாலும் மேலேதான் போயிருந்துச்சு. கீழ வர்ற வழி அதுக்குத் தெரியலை. கண்ணுச்சாமி கமலையைக் கட்டி, மாட்டோட மாடா அவரும் இழுத்துப் பாதித் தோட்டத்தைக் காப்பாத்துனாரு. மீதி காஞ்சு போச்சு.

ஐப்பசி வாக்குல டென்மார்க்குப் பத்திரிகை ஒண்ணு மெட்ராஸ் வந்து சேந்துச்சு. அதுல கண்ணுச்சாமி படம், முழுப் பக்கத்துக்கு. இந்த வட்டாரத்து மக்கள் பட்டாசால் ஆன சிவப்பு ஆடை உடுத்துவார்கள், நெருப்பைக் காட்டினால் மரபுப்படி நீராடுவார்கள், அவர்கள் குடிக்கும் தேநீர் மிகவும் காரமானதுன்னு துரை உருகி உருகி எழுதியிருந்தாரு. மேலாபீசுல பெருமை தாங்கலை. நம்ம பண்பாடு கடல் தாண்டிருச்சேன்னு ஒரு கூட்டம் போட்டு, மாலை மரியாதை பண்ணிக்கிட்டாக. அதே கையோட கண்ணுச்சாமிக்குப் பதிலும் வந்துச்சு:

"மேற்படி வட்டாரத்து மக்கள் பரம்பரை பரம்பரையாக இடுப்பில் வெடி அணியும் வழக்கமுடையவர்கள் என்பது வெளிநாட்டுப் பத்திரிகை வாயிலாக அரசின் கவனத்துக்கு வந்திருப்பதாலும், மின்கம்பியிலிருந்து தீப்பொறி பறக்க ஏதுவிருப்பதாலும், பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்பை உத்தேசித்து, மேற்படி வட்டாரத்தில் எவருக்கும் மின் இணைப்பு வழங்குவதற்கில்லை."

எவருக்கும்னா எவருக்கும்தான். கம்பி இழுத்த எடத்துல கூடச் சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாக. ஊரே கண்ணுச்சாமி வாசல்ல வந்து நின்னுச்சு. பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பாண்டிதான் ரொம்பக் குதிச்சாரு.

"ஏம்வே, ஒரு கம்பிக்காக இடுப்புல வெடியைக் கட்டிக்கிட்டு நிப்பீரா? மானம் வேண்டாமா? நானா இருந்தா மூஞ்சியில துப்பிட்டு வந்திருப்பேன்!"

"துப்பியிருப்பாரு, துப்பியிருப்பாரு"ன்னுச்சு ஊரு.

எல்லாரும் தெரண்டு காவலன்கிட்ட ஞாயம் கேக்கப் போனாக. செல்லப்பாண்டி முன்னால நின்னு, "நாங்க யாரும் வெடி கட்டுறதில்ல. நல்லாப் பாத்துக்கோங்க!"ன்னு வேட்டியை ஒதறிக் காட்டுனாரு.

காவலன் பொறுமையாக் கேட்டாரு. "எனக்குத் தெரியாதா? ஆனா படம் வந்துருச்சே. இப்பப் படத்தைப் பாத்துட்டு எட்டு தேசத்துத் தூதுக்குழு நம்ம பாரம்பரிய உடுப்பைப் பாக்க வருது. நீங்க பாரம்பரியத்தைக் கைவிட்டாக் கரண்டு உண்டு. ஆனா பாரம்பரியம் இல்லைன்னாத் தூதுக்குழு வராது. தூதுக்குழு வராட்டி நிதி வராது. நிதி வராட்டிக் கம்பி வராது. ஆகையினால மொதல்ல எல்லாரும் கட்டுங்க. அப்புறம் எல்லாருமாச் சேந்து கைவிட்டுருவோம்."

கூட்டத்துல ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாக.

செல்லப்பாண்டிதான் மெதுவாத் தொண்டையைச் செருமுனாரு. "ஐயா... ஒரு சுத்துக் கட்டுறவுகளை விட ரெண்டு சுத்துக் கட்டுறவுகளுக்குக் கம்பி முந்திக் கெடைக்குமா?"

அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஆமத்தூரு, நாரணாபுரம், எம். புதுப்பட்டின்னு ஊரு ஊரா வண்டி கட்டிக்கிட்டு வந்து அண்ணாச்சி கம்பெனி வாசல்ல வரிசை நின்னுச்சு. ரோடு கேட்டவுக, குடிதண்ணிக் கொழாய் கேட்டவுக, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரு கேட்டவுக அம்புட்டுப் பேரும் கையைத் தூக்கிட்டு நின்னாக. கண்ணுச்சாமியை வாத்தியாரா வச்சு, மூச்சை எப்படி விடணும், இருமல் வந்தா எப்படி அடக்கணும்னு பாடம் நடந்துச்சு. அண்ணாச்சிக்கு அது தீவாளியை விடப் பெரிய சீசன். தையல்காரரைக் கூட்டியாந்து அளவு எடுக்க விட்டுட்டாரு.

நீங்க என்ன சிரிக்கிறீக? உங்க ஊருக்கு எல்லாம் வந்துருச்சா? பாலம், ரோடு, ஆஸ்பத்திரி, எதுவும் மேலே போயி நிக்கலையே? நின்னாக் கூச்சப்படாமச் சொல்லுங்க. சொல்லும்போது மறக்காம இடுப்பளவையும் சேத்துச் சொல்லிருங்க.